எழுதி எழுதியே டிஸ்க்கை நிரப்பும் லினக்ஸ்! தெரியுமா?

லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போனாலும் லினக்ஸ் சும்மா இருப்பதில்லை, தெரியுமா? வைஃபை இணைந்தது, பேட்டரி ஏறுகிறது, ப்ளூடூத் தேடினேன், கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறேன் என்று நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். லாக் என்பது அதுதான். பல மாதம் இது நம் கண்ணில் படாமலே நடக்கும். திடீரென ஒருநாள் ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று திரையில் வந்து நிற்கும். படம் ஏதும் இறக்கவில்லை, கேம் ஏதும் போடவில்லை, அப்படி என்னதான் அடைத்துக்கொண்டது என்று தோண்டினால் அத்தனையும் எழுத்து. ஜிபி ஜிபியாக வெறும் எழுத்து!

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்த ஜிபிக்கணக்கான எழுத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே வரிதான் லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப இருக்கும். கணினி முழுக்கக் கெட்டுப்போகவில்லை; உள்ளே யாரோ ஒருவர் மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறார். ஃபைலை அழிப்பது வைத்தியம் ஆகாது. அந்த ஒருவரைப் பிடிப்பதுதான் வைத்தியம். வாருங்கள், பிடிப்போம்!

ஒரே நாளில் 13 ஜிபி எழுத முடியும், தெரியுமா?

ஒரு லாக் வரி 150 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு டிரைவர் கோளாறாகி வினாடிக்கு 1,000 வரி எழுதுகிறது என்றால் வினாடிக்கு ஒன்றரை லட்சம் பைட். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கிப் பாருங்கள்: 1,296 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 13 ஜிபி! 100 ஜிபி காலியிடம் எட்டாவது நாளே தீர்ந்துபோகும்.

‘ஐயோ, எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே’ என்று பதற வேண்டாம். 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. நாளுக்கு 13 ஜிபி என்றால் ஆண்டுக்கு ஐந்து டிபிகூட ஆகாது. உள்ளுக்குள் சின்னச் சின்ன எழுத்துகள் பெருகும் என்றாலும், காகிதக் கணக்கில் 60 ஆண்டு தாண்டும். எஸ்எஸ்டி தேய்வதற்கு ரொம்ப முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். கவலைப்பட வேண்டியது இடத்தைப் பற்றித்தான்.

இதெல்லாம் ஒரு மெயில் புரோகிராமுக்காகத் தொடங்கியது, தெரியுமா?

1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தார். மெயில் எங்கே போனது, எங்கே மாட்டியது என்று குறித்து வைக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்ததுதான் சிஸ்லாக். பிறகு மற்ற மென்பொருள்களும் அதையே பிடித்துக்கொண்டன. யுனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தக் காலத்து வாசனை இன்னும் போகவில்லை! எந்தத் துறையிலிருந்து செய்தி வருகிறது என்று சொல்ல சிஸ்லாக்கில் 0 முதல் 23 வரை 24 எண்கள் உண்டு. இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு 0, மெயிலுக்கு 2. ஏழாம் எண் யாருக்குத் தெரியுமா? யூஸ்நெட் செய்திக் குழுக்களுக்கு! எட்டாம் எண், டெலிஃபோன் வழியாகக் கணினிக்குக் கணினி ஃபைல் அனுப்பிய யுயுசிபிக்கு! இன்றைய டெஸ்க்டாப்பில் இரண்டும் கிடையாது. ஆனால் அவர்களுக்குப் போட்ட நாற்காலி அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

சிஸ்லாக் செய்தி வலைப்பின்னலில் போகும்போது அதன் தலையில் 34 என்பது போல ஓர் எண் ஒட்டியிருக்கும். இந்த ஒரே எண்ணுக்குள் இரண்டு தகவல்! எட்டால் வகுத்துப் பாருங்கள். ஈவு 4, மீதி 2. ஈவு 4 என்றால் செய்தி வந்த இடம் லாகின், கடவுச்சொல் பிரிவு. மீதி 2 என்றால் ‘மிக ஆபத்து’. வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும், செய்தியைப் படிக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

மீதியில் வரும் அந்த எண்தான் தீவிரம். 0 முதல் 7 வரை மொத்தம் எட்டுப் படிகள். 0 என்றால் கணினியே படுத்துவிட்டது, 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 டீபக், அதாவது எழுதிய புரோகிராமருக்கு மட்டும் புரிகிற பேச்சு. எண் ஏற ஏற முக்கியத்துவம் குறையும்!

இதனால் நமக்கு என்ன லாபம்? டெர்மினலில் ‘ஜர்னல்சிடிஎல்’ என்று அடித்து, ஒரு கோடும் ‘ப்ரையாரிட்டி’யின் ‘பி’யும் போட்டு, பக்கத்தில் 3 என்று கொடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடி ஒளிந்துகொள்ளும். பிழைகளும் அதைவிட மோசமானவையும் மட்டும் சிவப்பில் நிற்கும்.

லாக்கில் தேதி இருக்கும், ஆண்டு இருக்காது, தெரியுமா?

பழைய சிஸ்லாக் வரியைப் பாருங்கள். மாதம் இருக்கும், தேதி இருக்கும், மணி, நிமிடம், வினாடி எல்லாம் இருக்கும். ஆண்டு மட்டும் மிஸ்ஸிங்! 2001இல் இந்த வழக்கத்தை ஆவணமாக எழுதிய ஆர்எஃப்சி 3164கூட ஆண்டில்லாமலேதான் விட்டது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424தான் முழுத் தேதியைக் கொண்டுவந்தது. பழைய லாக்கைக் குடையும்போது ‘ஜனவரி 3’ என்று கண்டால், எந்த ஜனவரி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கெர்னலின் நோட்டுப் புத்தகம் நிரம்பவே நிரம்பாது, தெரியுமா?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் கெர்னலான 0.01லேயே ‘பிரிண்ட்-கே’ இருந்தது. கெர்னல் வாய் திறந்து பேசுவது இன்றும் அதன் வழியாகத்தான். அது எழுதும் இடம் மெமரியில் இருக்கும் ஒரு வளையம். பல கணினிகளில் அளவு 128 அல்லது 256 கேபிதான்! முனைக்கு வந்ததும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். எத்தனை ஆண்டு ஓடினாலும் வளையம் ஒரு பைட்கூட வளராது.

பிறகு எப்படி டிஸ்க் நிரம்புகிறது? அந்த வளையத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் பிரதி எடுத்து டிஸ்க்கில் பத்திரப்படுத்தும் ஆட்கள் தனி. நிரம்புவது அவர்கள் கைவரிசை!

‘பிரிண்டர் எரிகிறது!’ என்று லினக்ஸ் அலறும், தெரியுமா?

நிஜமாகத்தான்! பழைய பேரலல் போர்ட் பிரிண்டரிலிருந்து ஏதோ பிழை என்று சிக்னல் வருகிறது. ஆனால் காகிதம் தீர்ந்ததாகவும் சொல்லவில்லை, இணைப்பு போனதாகவும் சொல்லவில்லை. அப்போது லினக்ஸ் டிரைவர் எழுதும் செய்தி: ‘எல்பி0 ஆன் ஃபயர்’. எல்பி0 என்றால் முதல் பிரிண்டர். அது தீப்பற்றி எரிகிறதாம்!

இன்னொன்றும் உண்டு. ஹார்டுவேரிலிருந்து காரணம் தெரியாத அவசர அழைப்பு வந்தால், ‘தலை சுற்றுகிறது, ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் ஓட்டப் பார்க்கிறேன்’ என்ற பொருளில் கெர்னல் ஒரு வரி எழுதும். லாக்கில் பயமுறுத்தும் சொல் இருப்பதாலேயே ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். பயாஸ் பற்றி ‘எரர்’ என்று சிவப்பில் வரும் வரிகள் பலவும், தயாரிப்பாளர் அரைகுறையாக எழுதிவைத்த ஏதோ ஓர் அட்டவணையைப் பற்றிய முணுமுணுப்பு மட்டுமே. சொல்லைப் பார்க்காதீர்கள், எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்!

சரியாகிவிட்ட பிழைகூட டிஸ்க்கை நிரப்பும், தெரியுமா?

இதுதான் உச்சகட்ட வேடிக்கை! லேப்டாப்பில் வைஃபை கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதையில்தான் பேசிக்கொள்கின்றன. வழியில் ஒரு துணுக்குத் தரவு பழுதானால் ஹார்டுவேரே மறுபடி அனுப்பச் சொல்லிச் சரிசெய்துகொள்ளும். நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஏஇஆர் என்ற கண்காணிப்பு ஏற்பாடு அதையும் விடாமல் எழுதும்.

அந்தச் செய்தியைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் ‘பிசிஐஇ-போர்ட்’ என்று வரும். அடுத்து 0000:00:1சி.5 போல ஒரு முகவரி. பிறகு ‘பிசிஐஇ பஸ் எரர்’. அதற்குப் பக்கத்திலேயே ‘செவரிட்டி = கரெக்டட்’! பிழை வந்தது, சரியாகிவிட்டது என்று அதுவே சொல்கிறது. ஒரு பிழைக்கு ஒரு வரியோடு விடாது. கீழே சாதன எண், பிழையின் வகை என்று மூன்று நான்கு வரிகள் தொடரும். இப்படி வினாடிக்கு நூற்றுக்கணக்கில் கொட்டி டிஸ்க்கையே விழுங்கிய லேப்டாப்கள் ஏராளம்.

இதற்கு இரண்டு மருந்து. கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், அதாவது கிரப் அமைப்பில், ‘பிசிஐ=நோஏஇஆர்’ என்று சேர்த்தால் அறிவிப்பு நின்றுவிடும். ஆனால் கவனியுங்கள்: பிழை நிற்காது, அதைச் சொல்லும் வாய் மட்டும்தான் மூடும். ‘பிசிஐஇ-ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ என்று சேர்த்தால் அந்தப் பாதையின் மின்சிக்கனத் தூக்கமே ரத்தாகும். தூங்கி எழும்போதுதான் தடுமாறுகிறது என்றால் பிழையே நின்றுவிடும். விலை, பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். பயாஸ் அப்டேட் இருந்தால் அதை முதலில் போட்டுப் பார்ப்பது உத்தமம்.

உங்கள் ஹோம் ஃபோல்டரிலேயே ஒரு பூதம் ஒளிந்திருக்கலாம், தெரியுமா?

பெயர் ‘.எக்ஸ்செஷன்-எரர்ஸ்’. முன்னால் புள்ளி இருப்பதால் ஃபைல் மேனேஜரில் தெரியாது. கன்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால்தான் முகம் காட்டும். லைட்டிஎம் போன்ற லாகின் திரை வழியாக நுழையும் டெஸ்க்டாப்களில், நீங்கள் ஐகானைக் கிளிக் செய்து திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் புலம்புவதெல்லாம் இதற்குள் போகும்.

இதற்கும் ஒரு மூடி இருக்கிறது! டெபியனின் தொடக்க ஸ்கிரிப்ட் இந்த ஃபைல் 5,00,000 பைட்டைத் தாண்டியிருந்தால் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். எப்போது? நீங்கள் லாகின் செய்யும்போது மட்டும்! லேப்டாப்பை மட்டும் மூடிவைத்துவிட்டு வாரக்கணக்கில் லாக்அவுட்டே செய்யாமல் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வெட்டு விழவே விழாது.

குனோம் டெஸ்க்டாப்பில் இந்தப் புலம்பல் ‘ஜர்னல்’ என்ற லாக் கிடங்குக்குப் போகும். அங்கே முதல் சந்தேகம் யார் மேல் தெரியுமா? நீங்கள் ஆசையாகப் போட்ட எக்ஸ்டென்ஷன் மேல்! குனோம் புது வெர்ஷனுக்கு மாறியிருக்கும், எக்ஸ்டென்ஷன் பழையதாகவே இருக்கும். விண்டோ திறந்தால் பத்து வரி, மூடினால் பத்து வரி. எல்லா எக்ஸ்டென்ஷனையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும்.

ஒரே செய்தி மூன்று இடத்தில் சேமிக்கப்படலாம், தெரியுமா?

2011 நவம்பரில் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் ‘ஜர்னல்’ என்ற புதிய ஏற்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்து ஃபைலாக இல்லாமல் பைனரியாகச் சேமிக்கும் சிஸ்டம்டி ஜர்னல் அதுதான். அதற்கு முன்பே, 2004இல் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய ஆர்சிஸ்லாக் ஊன்றி நின்றிருந்தது. புதியவர் வந்தார், பழையவர் போகவில்லை! விளைவு: உபுண்டுவில் கெர்னல் ஒரு வரி சொன்னால் ஜர்னலில் ஒரு பிரதி, ‘சிஸ்லாக்’ ஃபைலில் ஒன்று, ‘கெர்ன்.லாக்’ ஃபைலில் இன்னொன்று. முதலில் பார்த்த 13 ஜிபியை இப்போது மூன்றால் பெருக்குங்கள்!

ஃபெடோரா 2013இலேயே, 20ஆம் வெளியீட்டில், பழையவரை வழக்கமான நிறுவலிலிருந்து எடுத்துவிட்டது. டெபியன் 2023இல் வந்த 12ஆம் வெளியீட்டில்தான் அதைச் செய்தது. பழைய டெபியனிலிருந்து அப்கிரேட் செய்து வந்தவர்களிடம் இன்னும் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்தது அதுவே. அந்தக் குடும்பத்தில் எதை எடுத்தாலும் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’ ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உபரித் தகவல் ஒன்று! ஜர்னல் ஃபைலின் முதல் எட்டு எழுத்து ‘எல்பிகேஎஸ்எச்எச்ஆர்எச்’. தொடக்கத்தில் இருக்கும் எல்பி, கேஎஸ் இரண்டும் யாருடைய இனிஷியலோடு பொருந்துகின்றன என்று மேலே போய்ப் பாருங்கள்!

ஃபைலை அழித்தாலும் இடம் கிடைக்காது, தெரியுமா?

40 ஜிபி லாக் ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ‘ஆர்எம்’ கட்டளையால் ஒரே அடி. ஃபைல் காணோம். வெற்றி! ‘டிஎஃப்’ அடித்துப் பார்த்தால் டிஸ்க் இன்னும் 100 சதவீதம்!

எப்படி? லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. நீங்கள் அழித்தது பெயரை. அதைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் கையை விடும்வரை ஃபைல் உயிரோடுதான் இருக்கும். ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டோம், ஆள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது போலத்தான்! ‘டியு’ கட்டளை பெயர்களைக் கூட்டும், ‘டிஎஃப்’ உண்மையான இடத்தைச் சொல்லும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் இப்படி ஒரு பெயரில்லா ஃபைல் உள்ளே இருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப்’ என்று அடித்து, கூட்டல் குறியோடு ‘எல்1’ சேர்த்தால் ஆள் யாரென்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

அழிப்பதற்குப் பதில் ‘ட்ரங்கேட்’ கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்கியிருந்தால் இந்த வம்பே இல்லை. பெயரும் இருக்கும், இடமும் கிடைக்கும்.

சரியான பாஸ்வேர்ட் போட்டும் உள்ளே போக முடியாமல் போகலாம், தெரியுமா?

டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டால் சில கணினிகளில் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே லாகின் திரைக்கே வந்து நிற்கும். உள்ளே நுழையும்போது ஹோம் ஃபோல்டரில் சின்னதாக ஓர் அனுமதி ஃபைல் எழுத வேண்டும், அதற்கே இடமில்லை! பயப்படாமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். அதில் லாகின் செய்து சுத்தம் செய்யலாம்.

இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தே ஒரு சேமிப்பும் வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கை எக்ஸ்ட்4 முறையில் பார்மட் செய்யும்போதே 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு ஒதுக்கப்பட்டுவிடும். 500 ஜிபியில் 25 ஜிபி! ஆனால் ரூட் உரிமையோடு ஓடும் லாக் எழுத்தரும் அதில் கை வைக்கலாம்.

1.2 டிபி லாக் ஃபைல் 250 ஜிபி டிஸ்க்கில் இருக்கும், தெரியுமா?

‘லாஸ்ட்லாக்’ என்றொரு ஃபைல். யார் கடைசியாக எப்போது லாகின் செய்தார்கள் என்ற குறிப்பு. ஒருவருக்கு 292 பைட். யூசர் எண் எதுவோ, ஃபைலில் அத்தனையாவது இடத்தில் அவர் குறிப்பு. சில பழைய 64 பிட் ரெட் ஹாட் கணினிகளில் ஒரு யூசருக்கு 4,29,49,67,294 என்ற எண் கிடைத்துவிட்டது. 292ஆல் பெருக்குங்கள். ‘எல்எஸ்’ கட்டளை 1.2 டிபி என்று காட்டியது! உண்மையில் டிஸ்க்கில் பிடித்த இடம் சில கேபி. நடுவில் எழுதப்படாத வெற்றிடத்துக்கு லினக்ஸ் இடமே ஒதுக்குவதில்லை. ‘எல்எஸ்’ சொல்வதை நம்பிப் பதறாமல் ‘டியு’விடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜர்னலுக்குப் பிறவியிலேயே கடிவாளம் உண்டு, தெரியுமா?

ஜர்னல் தானாகவே டிஸ்க்கில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்தப் 10 சதவீதமும் 4 ஜிபியைத் தாண்டாது! 1 டிபி டிஸ்க் என்றாலும் 4 ஜிபிதான். 20 ஜிபி பார்ட்டிஷன் என்றால் 2 ஜிபி. அதுவும் அதிகம் என்றால் ‘எட்சி’ ஃபோல்டருக்குள் சிஸ்டம்டியின் ‘ஜர்னல்டி.கான்ஃப்’ ஃபைலைத் திறந்து, ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ என்ற வரிக்கு 200எம் என்று எழுதி, ஜர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டுக் கணினிக்கு அது தாராளம்.

இப்போதே காலி செய்ய வேண்டுமா? ‘ஜர்னல்சிடிஎல்’லோடு இரட்டைக் கோடு போட்டு ‘வேக்யூம்-சைஸ்’ என்று அளவைக் கொடுங்கள். சிலர் இதை அடித்துவிட்டு, ‘அளவு குறையவே இல்லையே’ என்று விழிப்பார்கள். காரணம் தெரியுமா? மூடிவைத்த பழைய ஃபைல்களைத்தான் அது அழிக்கும், எழுதிக்கொண்டிருப்பதைத் தொடாது! அதே கட்டளையில் இரட்டைக் கோட்டோடு ‘ரொட்டேட்’ என்பதையும் சேர்த்தால் அதுவும் மூடப்பட்டு வரிசைக்கு வரும்.

அரை நிமிடத்தில் 10,000 தாண்டினால் வாயை அடைத்துவிடும், தெரியுமா?

ஒரே சர்வீஸ் 30 வினாடிக்குள் 10,000 செய்திக்கு மேல் அனுப்பினால் ஜர்னல் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். டிஸ்க்கில் இடம் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டும். எறிந்ததையும் கணக்கு வைத்து, ‘இத்தனை செய்தியை நிறுத்திவைத்தேன்’ என்று ஒரு வரி எழுதும். ‘சப்ரஸ்ட்’ என்ற சொல்லோடு வரும் அந்த வரியைக் கண்டால் விடாதீர்கள். அதில் இருக்கும் சர்வீஸ் பெயர்தான் நாம் தேடும் ஆள்!

கெர்னலுக்குள்ளும் இதே ஏற்பாடு, இன்னும் கறாராக: 5 வினாடிக்கு 10 செய்தி. ஆனால் டிரைவர் எழுதியவர் அந்தக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டிருந்தால்தான் வேலை செய்யும். கூப்பிடாத டிரைவர் கொட்டிக்கொண்டே இருக்கும்.

காவலாளி நாளுக்கு ஒருமுறைதான் வருவார், தெரியுமா?

பழைய எழுத்து ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது லாக்ரொட்டேட். வழக்கமான ஏற்பாட்டில் வாரம் ஒருமுறை ஃபைலை ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கும். நான்கு வாரத்துப் பழையது வரை வைத்துக்கொள்ளும். ‘இத்தனை எம்பி தாண்டினால் உடனே மாற்று’ என்று அளவும் கொடுக்கலாம். அந்த ‘உடனே’யில்தான் சிக்கல்! லாக்ரொட்டேட் எழுந்து பார்ப்பதே நாளுக்கு ஒருமுறை. அது தூங்கும் நேரத்தில் 13 ஜிபி ஓடிவிடும். நிஜமாகவே உடனே வேண்டுமென்றால் அதை மணிக்கொருமுறை எழுப்ப டைமரை மாற்ற வேண்டும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் ஃபைல் ஜிசிப்பில் அபாரமாகச் சுருங்கும். அந்த முறையில் உச்சவரம்பே ஏறத்தாழ 1,032க்கு 1!

ஒரே ஒருவரின் வாயை மட்டும் மூடலாம், தெரியுமா?

கத்துவது ஒரு சர்வீஸ்தான் என்று தெரிந்தால் மொத்த லாக்கையும் அணைக்க வேண்டாம். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்று அடித்துப் பக்கத்தில் அதன் பெயரைக் கொடுங்கள். திறக்கும் பக்கத்தில் ‘சர்வீஸ்’ தலைப்பின் கீழ் ‘லாக்லெவல்மேக்ஸ்=வார்னிங்’ என்று எழுதிச் சேமித்து, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முடிந்தது! எச்சரிக்கையும் பிழையும் மட்டும் வரும், வம்பளப்பு நிற்கும். ஆர்சிஸ்லாக்கில் ‘இந்தச் சொல் இருந்தால் ஸ்டாப்’ என்று ஒரே வரி விதி எழுதினால் போதும். காரணம் தெரிந்து, தீங்கில்லை என்று உறுதியான பிறகு செய்யுங்கள். டிஸ்க் சாகும் தறுவாயில் கத்துவதும் இதே லாக்கில்தான்!

டிஸ்க்கையே தொடாமல் லாக் எழுதலாம், தெரியுமா?

அதே ‘ஜர்னல்டி.கான்ஃப்’பில் ‘ஸ்டோரேஜ்=வாலட்டைல்’ என்று கொடுத்தால் ஜர்னல் மெமரியில் மட்டும் இருக்கும். கணினியை அணைத்ததும் சுத்தமாகக் காணாமல் போகும். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கணினி தானாக உறைந்துபோய் ரீபூட் ஆனால், ஏன் என்று சொல்ல ஒரு வரிகூட மிஞ்சாது.

லாக்கைத் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் பூட்டு உண்டு, தெரியுமா?

நுழைந்த திருடன் தன் தடயத்தை லாக்கிலிருந்து அழித்தால்? அதற்காக ஜர்னலில் ஒரு முத்திரை ஏற்பாடு இருக்கிறது. குறித்த இடைவெளியில் அதுவரை எழுதியதற்கு முத்திரை வைத்து, பழைய சாவியையே அழித்துவிடும். பின்னால் போய் யாரும் தெரியாமல் திருத்த முடியாது. திருத்தினால் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். இதற்கான கணித வேலையைச் செய்தவர் பெர்ட்ராம் போட்டரிங். பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களா? ஆமாம், லெனார்டின் சகோதரர்தான்! சரிபார்க்கும் சாவியை உங்கள் கைப்பேசியில் எடுத்துக்கொள்ள டெர்மினலிலேயே கியூஆர் கோடாக வரைந்தும் காட்டும்.

கடைசியாக, ஆளைப் பிடிக்கும் ஒற்றை வரி, தெரியுமா?

இது தெரிந்தால் மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. ‘ஜர்னல்சிடிஎல்’லை இந்த முறை கணினி தொடங்கியதிலிருந்து மட்டும் பார்க்க ‘பூட்’டின் ‘பி’, நேரமும் பெயரும் இல்லாமல் வெறும் செய்தியை மட்டும் தர ‘ஓ கேட்’. இரண்டுக்கும் முன்னால் ஒற்றைக் கோடு. வருவதைச் செங்குத்துக் கோடு போட்டு ‘சார்ட்’டுக்கு அனுப்புங்கள், ஒரே மாதிரி வரிகள் பக்கத்தில் பக்கத்தில் சேரும். அங்கிருந்து ‘யூனிக்’குக்கு, கோடு போட்ட ‘சி’யோடு, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று எண்ணிவிடும். மறுபடி ‘சார்ட்’, இம்முறை ‘என்ஆர்’ சேர்த்து. அதிகம் வந்தது மேலே ஏறும். கடைசியில் ‘ஹெட்’; முதல் பத்து வரி மட்டும் நிற்கும்.

இன்று கணினியை அணைப்பதற்கு முன் ‘ஜர்னல்சிடிஎல்’லோடு இரட்டைக் கோடு போட்டு ‘டிஸ்க்-யூசேஜ்’ சேர்த்து ஒருமுறை அடித்துப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 4 ஜிபியை முட்டிக்கொண்டு நின்றால் இந்த எண்ணும் வரியையும் அடியுங்கள். முதல் இடத்தில் ஐந்தாறு இலக்க எண்ணோடு வந்து நிற்கிறதே, அந்த வரியை எழுதியவர்தான் ஆள்!